படையப்பாவுக்கு சீரியல் செட் பிடிக்குமா?

கேள்வி: மைசூர் அரண்மனை மாதிரி எங்கள் மாட்டுப்பட்டி அணைக்கும் விளக்கலங்காரம் செய்தால் என்ன?

பதில்: மைசூரில் ஏறத்தாழ ஒரு லட்சம் பல்பு. ஞாயிறுகளிலும் விடுமுறை நாள்களிலும் முக்கால் மணி நேரம் எரியும், பிறகு அணைத்துவிடுவார்கள். சீக்கிரம் அணைப்பதால்தான் கூட்டம் ஓடிவருகிறது. அரண்மனைக்கு எதிரே இருப்பது ஊர். உங்கள் அணைக்கு எதிரே காடு. இருட்டில் மேய வரும் காட்டுயானை படையப்பாவுக்கு சீரியல் செட் போட்டுக் காட்டினால், மறுநாள் பேப்பரில் உங்கள் போட்டோவும் வரும்.

கேள்வி: கல்யாண வீட்டு லைட்டுக்கும் ‘ஒளிக்கலை’க்கும் என்ன வித்தியாசம்?

பதில்: கல்யாண வீட்டு லைட் பந்திக்கு வழி காட்டும். ஒளிக்கலை, தினமும் பார்க்காமல் கடந்துபோகிற பழைய சுவரை நின்று பார்க்கவைக்கும். பிரான்சின் லியோன் நகரில் 1852ல் குன்றின் மேல் மாதா சிலை திறப்பதாக இருந்தது. செப்டம்பரில் ஆற்றில் வெள்ளம். விழா டிசம்பர் 8க்குத் தள்ளிப்போனது. அன்றைக்கும் புயல் மிரட்டியது. வானம் வெளுத்ததும் ஜனங்களே ஜன்னல்தோறும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டார்கள். யாரும் டெண்டர் விடவில்லை! நம் கார்த்திகைக்குச் சொந்தக்கார விழா என்று தாராளமாகச் சொல்லலாம். இப்போது ஆண்டுதோறும் கலைஞர்கள் பழைய நகரத்துக் கட்டடங்கள் மேல் ஒளியால் படம் வரைகிறார்கள். பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம். எனக்கென்னவோ அந்த மெழுகுவர்த்திகள்தான் ஒசத்தி.

கேள்வி: கேரளத்தில் அப்படி எதுவும் உண்டா?

பதில்: ஃபோர்ட் கொச்சி வெளி மைதானத்தில் பெரிய மழைமரம் ஒன்று. கிறிஸ்துமஸ் வந்தால் அந்த வட்டாரத்து இளைஞர்கள் அதற்குக் கிளை கிளையாக விளக்கு கட்டுவார்கள். குளிரும் பைன் மரமும் உங்கள் பக்கம். கிறிஸ்துமஸ் மரத்தின் பேர் மட்டும் வியர்வை வழியும் கடற்கரைக்கு!

கேள்வி: அதில் எரிவது எங்கள் அணைத் தண்ணீர்தானே?

பதில்: இருக்கலாம். உங்கள் தண்ணீர் இறங்கிப்போகும் பள்ளிவாசல்தான் கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம். 1940ல் ஓட ஆரம்பித்தது. கம்பியில் கலந்தபின் எது மாட்டுப்பட்டி, எது இடுக்கி என்று யார் பிரிப்பது? கரண்ட் பில் அவர்களுக்குப் போகிறது என்று சந்தோஷப்படுங்கள்.

கேள்வி: எங்கள் லயத்துக்குப் போகிற வழியில் தெருவிளக்கே எரியவில்லை. நீங்கள் கலை பேசுகிறீர்களே?

பதில்: நியாயமான கோபம். ‘ஒளிக்கலைக் கண்காட்சி’ என்று நோட்டீஸ் அடித்து, திறந்துவைக்கப் பஞ்சாயத்து மெம்பரைக் கூப்பிடுங்கள். அவர் வருவதற்குள் கம்பத்தில் பல்பு ஏறிவிடும்.