தண்ணியில்லாக் காட்டில் ஒரு புல் விவகாரம்

ஹெண்டர்சன், நெவாடா

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவின் முழங்கால் வலி தேவலையா? கண்மாயில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று எழுதுங்கள்.

வீடியோவில் எங்கள் வாசலைப் பார்த்துவிட்டு, "எதுக்குடா இம்புட்டுப் புல்லைக் காயப் போட்டுருக்க, ரெண்டு ஆட்டையாவது கட்டக் கூடாதா?" என்று கேட்டீர்கள். போனில் சொல்லி முடியாத கதை என்பதால் எழுதுகிறேன். அந்தப் புல்லைப் பிடுங்கப் போகிறோம். பிடுங்கினால் தண்ணீர் வாரியம் சதுர அடிக்கு இத்தனை டாலர் என்று எங்களுக்குக் காசு கொடுக்கும். 1999-லிருந்து கொடுத்து வருகிறார்கள். நீங்கள் ஆயுசு பூராவும் மிளகாய்க் கொல்லையில் அருகும் கோரையும் பிடுங்கினீர்களே, எந்த ஆபீசராவது வந்து ஒரு ரூபாய் நீட்டினாரா?

அரசாங்க உத்தியோகஸ்தர்களை மிரட்ட "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்பார்கள். அந்தக் காடு நம் ராமநாதபுரம்தான் என்று ஊர் உலகத்தில் பேச்சு. இனி யாராவது அப்படிச் சொன்னால் என் விலாசத்தைக் கொடுங்கள். லாஸ் வேகாஸும் எங்கள் ஹெண்டர்சனும் இருக்கிற இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழை 100 மில்லிமீட்டர் சொச்சம். நம் பக்கம் ஐப்பசி அடைமழை ஒரு வாரம் பிடித்தால் இவர்களுடைய வருஷக் கணக்கு முடிந்துவிடும்.

தண்ணீரில் பத்துக்கு ஒன்பது பங்கு கொலராடோ ஆற்றிலிருந்து வருகிறது. ஹூவர் அணை மறித்து உண்டான மீட் ஏரியில் குழாய் போட்டு இழுக்கிறார்கள். அந்த ஆற்றுக்கு ஏழு மாநிலங்கள் பங்காளிகள். 1922-இல் ஒப்பந்தம் போட்டு, பின்னால் பாகம் பிரித்தபோது கீழ்ப்படுகைத் தண்ணீரில் நெவாடாவுக்கு விழுந்தது 25-இல் ஒரு பங்கு. 2022 கோடையில் ஏரி மிகவும் இறங்கிப்போய், முழுகிக் கிடந்த படகுகள் தரை தட்டி நின்றன. பீப்பாய்க்குள் அடைத்துப் போட்ட பழைய பிணம் ஒன்றும் வெளியே வந்து, போலீசுக்கு வேலை வைத்தது.

இங்கத்திய தண்ணீர்க் கணக்கு விசித்திரமானது. வீட்டுக்குள் செலவழிக்கிற தண்ணீர் சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அநேகமாக முழுவதும் ஏரிக்கே திரும்பிவிடுகிறது. திரும்பிய அளவுக்கு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஆகவே உங்கள் மருமகள் ஒரு மணி நேரம் குளித்தாலும் ஊருக்கு நஷ்டமில்லை. வாசலில் ஊற்றுவதுதான் வெயிலோடு போய்விடும். ஒரு சதுர அடிப் புல் வருஷத்துக்குக் குடிப்பது சுமார் 275 லிட்டர், நம் வீட்டுக் குடத்தில் பதினெட்டுக் குடம். அதுவும் ஒரு கன்றுக்குட்டிகூட மேயாத புல்லுக்கு!

அதனால் சட்டத்துக்கு மேல் சட்டம். 2003-க்குப் பிறகு கட்டிய வீடுகளில் முன்வாசல் புல்லுக்குத் தடை. எங்கள் வீடு அதற்கு முந்தியது, வாங்கும்போதே புல்லும் சீதனமாக ஒட்டிக்கொண்டு வந்தது. 2021-இல் போட்ட சட்டப்படி ரோட்டு நடுவிலும் ஆபீஸ் வாசலிலும் வெறும் அழகுக்கு நிற்கும் புல்லுக்கு 2027 முதல் ஆற்றுத் தண்ணீர் கிடையாது. தனி வீடுகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் நாள் நட்சத்திரம் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆகாது. மே முதல் ஆகஸ்ட் வரை பகல் 11 மணியிலிருந்து மாலை 7 மணி வரை ஆகாது. ராகுகாலம்கூட ஒன்றரை மணி நேரம்தான், பெரியப்பா! தண்ணீர் தெருவில் வழிந்தால் வாரியத்து ஆள் வீடியோ எடுத்து அபராதம் போடுவார். ஊற்றாமல் விட்டாலோ, புல் பழுப்பேறித் தெருவின் லட்சணம் கெடுகிறது என்று குடியிருப்போர் சங்கம் கடிதம் அனுப்பும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் தவித்தபோதுதான் பிளாஸ்டிக் புல் விற்பவர் வந்தார். பை நிறையத் துண்டு துண்டாகப் புல். நம் ஜவுளிக் கடையில் சேலை விரிப்பதுபோலத் தரையில் விரித்தார். விலை கூடின ரகத்தில் பச்சைக்கு அடியில் பழுப்பு இழையும் கலந்திருந்தது. எதற்கு என்றேன். அங்கங்கே காய்ந்திருந்தால்தான் நிஜப் புல் என்று நம்புவார்களாம். எங்கள் வாசலில் இனாமாகக் காய்ந்து கிடப்பதைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த மாதிரி செய்ததைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்!

இந்தப் பிளாஸ்டிக் புல் பேர் வாங்கினது 1966-இல், ஹூஸ்டன் நகரத்துக் கூரை போட்ட பேஸ்பால் மைதானத்தில். ஒளி ஊடுருவும் கூரையின் வெளிச்சத்தில் பந்து தெரியவில்லை என்று கூரைக்குப் பெயின்ட் அடித்தார்கள். வெயில் இல்லாமல் புல் செத்தது. அதற்குப் பதிலாக பிளாஸ்டிக்கை விரித்தார்கள். வெயில் பற்றாத இடத்துக்கு வந்த சரக்கை வெயிலே கதியான இந்த ஊரில் விற்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பக்கத்து யூட்டா மாநிலத்தில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தார் 2002-இல் தங்கள் பிளாஸ்டிக் மைதானத்தை அளந்து பார்த்தார்கள். காற்றின் சூடு 37 டிகிரி இருந்த நாளில் புல்லின் சூடு 93 டிகிரி. இன்னும் ஏழு டிகிரி ஏறினால் பெரியம்மா இட்லிப் பானையை இறக்கிவிடலாம். சூட்டைத் தணிக்கத் தண்ணீர் அடித்தார்கள். இருபது நிமிஷத்தில் பழைய சூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. எங்கள் பள்ளத்தாக்கிலோ 2024 ஜூலையில் காற்றே 48.9 டிகிரியைத் தொட்டது. தண்ணீரை மிச்சம் பிடிக்கப் போட்ட புல்லுக்குத் தண்ணீர் அடித்தால்தான் பிள்ளைகள் கால் வைக்க முடியும். நாய் இருந்தால் நாற்றம் போகக் கழுவவும் வேண்டும். எதிர் ஜன்னலில் வெயிலைத் திருப்பி அடிக்கிற நவீனக் கண்ணாடி இருந்தால் புல் உருகியே போகும். பத்துப் பதினைந்து வருஷத்தில் நைந்தால் குப்பைமேடு. பக்கத்துக் கலிபோர்னியாவில் 2015-இல் குடியிருப்போர் சங்கங்கள் பிளாஸ்டிக் புல்லைத் தடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். 2023-இல் ஊருக்கு ஊர் விருப்பப்பட்டால் தடை செய்துகொள்ளலாம் என்று இன்னொரு சட்டம் போட்டார்கள்.

இதற்கிடையில் வாரியத்தின் நிபந்தனையைப் படித்தோம். புல் போன இடத்தில் வைக்கிற செடிகள் வளர்ந்தபின் பாதி இடத்தையாவது மூட வேண்டும். மொத்த வாசலுக்கும் பிளாஸ்டிக்கை விரித்துவிட்டுக் கை நீட்ட முடியாது. சரி, செடி வாங்கலாம் என்று நர்சரிக்குப் போனோம். அங்கே தொட்டியில், சீட்டுக் கட்டி, டாலரில் விலை போட்டு நின்ற மரம் எது தெரியுமா? மெஸ்கீட். நம் சீமைக்கருவேலத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன்! மதுரை உயர் நீதிமன்றக் கிளை வேரோடு பிடுங்கச் சொன்ன அதே வம்சம். இலையைப் பார்த்ததும் கமுதி ரோட்டில் நிற்கிற மாதிரி இருந்தது. இந்தக் கண்டத்தில்தான் அந்த வம்சத்துக்குப் பூர்வீகம். சொந்த ஊரில் அடக்கமாக நின்று நிழல் தருகிறது, கொஞ்சம் தண்ணீரே போதும். நம்மூருக்கு வந்துதான் அடாவடி பண்ணுகிறது.

ஆக முடிவு இதுதான்: பிளாஸ்டிக் வேண்டாம். இரண்டு மெஸ்கீட், சுற்றிலும் பாலைவனச் செடிகள், இடையில் சரளை, வேருக்குச் சொட்டு நீர். காசு கொடுத்துக் கருவேலம் நட்டான் என்று ஊரில் சொல்லிச் சிரிக்காதீர்கள்.

நம் பக்கமும் மண்டபத்து வாசல், மொட்டை மாடி என்று இந்தப் பச்சை விரிப்பு வந்துகொண்டிருப்பதாகக் கேள்வி. யாராவது வீட்டு முற்றத்தில் போடப் போகிறேன் என்று உங்களிடம் யோசனை கேட்டால், சித்திரை மாதம் மத்தியானம் ஒரு மணிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஐந்து நிமிஷம் நிற்கச் சொல்லுங்கள். அப்புறமும் வேண்டும் என்றால் வாங்கிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்