கம்பி தளர்ந்த டிரம்

சைவ வைஷ்ணவ வாதங்களெல்லாம் ஓய்ந்துபோன காலத்தில் வந்து பிறந்துவிட்டோமே என்று எனக்கு வெகுநாளாக ஒரு குறை இருந்தது. 2003-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் மெட்டாலிகா என்னும் அமெரிக்க ராக் கோஷ்டியார் 'செயின்ட் ஆங்கர்' என்ற ஆல்பத்தை வெளியிட்டு அந்தக் குறையை நிவர்த்தி செய்து வைத்தார்கள். அதைப் பற்றி என் நண்பர் ஒருவருக்கும் எனக்கும் அன்று மூண்ட சர்ச்சை இன்னும் தீர்ந்தபாடில்லை. பாகப் பிரிவினை வழக்காக இருந்தால்கூட இதற்குள் யாராவது ஒருவர் காலமாகி, வாரிசுகள் ராஜியாகப் போயிருப்பார்கள்.

விவகாரத்தின் மூலம் ஒரு டிரம். ஸ்னேர் டிரம்மின் அடித்தோலை ஒட்டினாற்போலச் சில முறுக்குக் கம்பிகள் கிடக்கும். மேலே அடித்தால் அவை அதிர்ந்து சடசடவென்று பேசும். பக்கத்தில் உள்ள ஒரு சிறு விசையைத் தட்டிவிட்டால் கம்பிகள் தோலை விட்டு விலகிக்கொள்ளும். பிறகு அடித்தால் எழுவது, நடுநிசியில் சமையற்கட்டில் அண்டா உருளும்போது எழுகிறதே, ஏறக்குறைய அந்த நாதம். டிரம் வாசிக்கும் லார்ஸ் உல்ரிக் ஒருநாள் விசையைப் போட மறந்து வாசித்துவிட்டு, பதிவைக் கேட்டபோது அதுவே பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டாராம். மறதியைத் திருத்திக்கொள்வது நம்மைப் போன்ற சாமானியர் வழக்கம்; அதையே சித்தாந்தமாக்கி, பதினொரு பாட்டுக்கு, எழுபத்தைந்து நிமிஷம், தளராமல் அண்டாவை உருட்டுவதற்கு மேதாவிலாசம் வேண்டும்.

என் பக்ஷம் இதுதான்: 2001 ஜனவரியில் பாஸ் கிதார்காரர் ஜேசன் நியூஸ்டெட் விலகிவிட்டார், ஜூலையில் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் குடியை விடுவதற்காகச் சிகிச்சைக்குப் போய்விட்டார், எஞ்சியவர்களைச் சேர்த்துவைக்க மாதம் 40,000 டாலர் சம்பளத்தில் ஓர் ஆலோசகரை அமர்த்த வேண்டியிருந்தது, பாஸ் வாசிக்க ஆளில்லாமல் தயாரிப்பாளர் பாப் ராக்கே வாசித்தார், இத்தனை கூத்தையும் படம் பிடித்து 2004-இல் ஒரு முழுநீளச் சித்திரமாகவும் வெளியிட்டார்கள். குடும்பம் இப்படி உடைகிற வீட்டிலிருந்து பாத்திரம் உருளும் சத்தம் கேட்காமல் வேறென்ன கேட்கும்?

"உருளட்டும் ஓய், பக்கத்து வீட்டுக்காரனிடம் அதற்குக் காசு வாங்குவானேன்?" என்பது நண்பரின் பதில். கோஷ்டியின் முதன்மைக் கிதார்காரர் கிர்க் ஹாமெட்டின் தனிக் கிதார் ஆவர்த்தனம் ஓர் இடத்திலாவது உண்டா என்று கேட்பார். கல்யாணத்துக்கு நாதஸ்வர வித்வானை வரவழைத்துப் பந்தியில் மட்டும் உட்காரவைத்து அனுப்பிவிட்டார்கள் என்பார். ஆல்பத்தின் பெயர் கொண்ட பாட்டு 2004-இல் கிராமி பரிசு பெற்றதே என்று நான் பிரம்மாஸ்திரத்தை விட்டபோது அவர் சற்றும் அசையாமல், பரிசு கொடுத்தவர்கள் அதை ஒலியைக் குறைத்துவைத்துக் கேட்டிருப்பார்கள் என்றார்.

எங்களுக்கு மத்தியஸ்தம் செய்ய வந்த பெரியவர்களால் குழப்பம் வளர்ந்ததே ஒழியக் குறையவில்லை. 1991-ஆம் வருஷத்துக் கறுப்பு அட்டை ஆல்பத்தோடு அந்தக் கோஷ்டி கெட்டது என்றார் ஒருவர். இல்லை, 1986-இல் ஸ்வீடனில் பஸ் கவிழ்ந்து அப்போதைய பாஸ் கிதார்காரர் கிளிஃப் பர்ட்டன் மாண்ட அன்றே எல்லாம் முடிந்தது என்றார் இன்னொருவர். 1984-லேயே ஒரு பாட்டை மெல்லிய கிதாரில் தொடங்கியதற்காகத் துரோகம் என்று கூவிய ஆசாரசீலர்களும் உண்டு. முதல் ஆல்பம் வெளிவந்தது 1983-இல். ஆகவே கடுமையான சாஸ்திரப்படி பார்த்தால் மெட்டாலிகா பரிசுத்தமாக இருந்தது மொத்தம் ஒரே வருஷம்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனை காலமாக அந்த ஆல்பத்துக்காக வக்காலத்து வாங்கும் நான் ஒரே அமர்வில் நான்காம் பாட்டைத் தாண்டியதில்லை. நண்பரோ, தம் வெறுப்பு துருவேறிவிடக் கூடாதென்று மாதம் ஒருமுறையாவது அதை ஆதியோடந்தமாகக் கேட்பார். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் டிரம் தம்மை அதிகமாக வதைக்கிறது என்பதை மேஜையில் விரலால் தட்டியே காட்டிவிடுவார். தட்டும்போது அவர் முகத்தில் தோன்றும் பரவசத்தைப் பற்றி நான் இதுவரை பிரஸ்தாபித்ததில்லை.

2011 அக்டோபர் 30-ஆம் தேதி பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கு மெட்டாலிகா வந்தபோது இருவரும் சேர்ந்தே போனோம். பழைய பாட்டுகளெல்லாம் வந்தன, ஜனங்கள் ஆர்ப்பரித்தார்கள், அந்த ஆல்பத்திலிருந்து ஒன்றுகூட வரவில்லை. திரும்பும் ரயிலில் ஜோலார்பேட்டை வரை நண்பர் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, "ஒன்றாவது வாசித்திருக்கலாம், ஓய்! நேரில் எவ்வளவு மோசமாக இருக்குமென்று தெரியாமலே போய்விட்டதே!" என்றார். பெரிய நஷ்டந்தான் என்று நானும் தலையை ஆட்டிவைத்து, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, மனநிம்மதியோடு தூங்கிப்போனேன்.