எனக்கு நல்லாத்தான் ஓடுது

போன வாரம் இதை எழுதுபவரின் கணினியில் ஒரு கேம் நின்றுபோனது. கணினியில் கோளாறு இல்லை. இரவோடு இரவாக ஓர் அப்டேட் வந்திருக்கிறது. காலையில் திறந்தால், உங்கள் இயங்குதளத்தை ஏமாற்றைத் தடுக்கும் எங்கள் ஆன்டி-சீட் ஏற்காது என்று ஒரு சின்னப் பெட்டி மட்டும் எட்டிப் பார்க்கிறது. இயங்குதளம் லினக்ஸ். முந்தின நாள் ராத்திரி வரை அதே லினக்ஸில்தான் ஓடியது. காசு கொடுத்து வாங்கியது வேறு. விற்றவர்கள் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்.

அதுகூடப் பரவாயில்லை. கேம் நின்றுபோன துக்கத்தை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் பகிர்ந்துகொண்டார் பாருங்கள், அதற்கு வந்த பதில்தான் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. முதல் பதில்: "எனக்கு நல்லாத்தான் ஓடுது." இரண்டாவது பதில்: "இங்கயும் நல்லாத்தான் ஓடுது." மூன்றாமவர் அந்த கேமை வாங்கியதே இல்லை. அவருக்கும் நல்லாத்தான் ஓடுகிறதாம். அக்கா மகன் மட்டும் தனிச் செய்தியில் வந்து, "மாமா, பேசாம கிளவுடுக்கு வந்துடுங்க. எனக்கு லேக்கே இல்ல" என்றான். பிறகு அவனே, "லினக்ஸா, கிளவுடா, ஒரு முடிவுக்கு வாங்க" என்று அதட்டினான்.

வருவார். இந்தக் கட்டுரை முடிவதற்குள் வந்துவிடுவதாக அவனிடம் வாக்கும் கொடுத்திருக்கிறார். ஆனால் அதற்கு முன் இந்த 'நல்லாத்தான் ஓடுது' ஆசாமிகளை ஒரு வழி பண்ணவேண்டியிருக்கிறது.

லினக்ஸ் பக்கத்து ஆசாமிகளைப் பார்க்க புரோட்டான்டிபி தளத்துக்குப் போகவேண்டும். அங்கே கேம்களுக்குப் பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். பிளாட்டினம் என்றால் கை வைக்காமலே ஓடும் என்று அர்த்தம். அந்தப் பிளாட்டினத்தை வாரி வழங்கியவர் கீழே எழுதிவைத்திருக்கும் குறிப்பைப் படித்தால் கல்யாணத் தரகர் தோற்றார். பையன் தங்கமான பையன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் ஆள் கொஞ்சம் வேறு மாதிரி. கேமும் அப்படியே. அருமையாக ஓடுகிறது, தொடக்கக் கட்டளையில் ஒரு வரி மட்டும் சேர்க்கவேண்டும். சேர்த்தால் ஒலி போய்விடும். ஒலி வேண்டுமென்றால் இரண்டாவது வரி. முகப்புக் காட்சி கறுப்பாக வரும், பயப்பட வேண்டாம், எஸ்கேப் அழுத்தினால் தாண்டிவிடும். ஆல்ட்-டேப் அடிக்கக்கூடாது. அடித்துவிட்டால் மறுபடி கணினியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். இரண்டு திரை இருந்தால் ஒன்றைக் கழற்றிவிடவும். மல்டிபிளேயர் ஓடாது, ஆனால் யார் அதை ஆடுகிறார்கள்? மற்றபடி பிளாட்டினம்.

பெண் வீட்டார் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டால் தரகருக்குக் கோபம் வந்துவிடும். "என்ன டிஸ்ட்ரோ? எந்த வகை லினக்ஸ்?" என்று எதிர்க்கேள்வி போடுவார். உபுண்டு என்றால் உதட்டைப் பிதுக்குவார். மிண்ட் என்றால் அது தாத்தாக்களுக்கு என்பார். ஃபெடோரா என்றால் எந்தப் பதிப்பு என்பார். ஆர்ச் என்று சொன்னால் மட்டும் பிழைத்தீர்கள். ஆர்ச்சிலும் ஓடவில்லை என்றால் "உங்களுடையது என்விடியாவா?" என்று கேட்டு, ஆம் என்றதும் ஆறுதலாகத் தலையசைப்பார். மாப்பிள்ளை மேல் எந்தக் காலத்திலும் குற்றம் இருந்ததில்லை. பெண்ணின் ஜாதகம்தான் எப்போதும் சரியில்லை.

கனடாவின் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் 2021இல் பந்தயம் கட்டி லினக்ஸுக்கு மாறியது நினைவிருக்கும். பாப்!_ஓஎஸ் என்ற டிஸ்ட்ரோவைப் போட்டார். கேம் விற்கும் ஸ்டீமை நிறுவப் போனார். அப்போதிருந்த ஒரு தொகுப்புக் கோளாறால், ஸ்டீமை ஏற்றவேண்டுமானால் மேசைத்திரையையே கழற்றவேண்டும் என்று கணினி சொன்னது. மனசறிந்துதான் செய்கிறீர்களா என்று எச்சரித்து, "யெஸ், டூ ஆஸ் ஐ சே!" என்று ஆச்சரியக்குறியோடு தட்டச்சு செய்யவும் கேட்டது. மனிதர் செய்தார். திரையில் கருவறை இருட்டு. கோடிக்கணக்கானவர்கள் பின்தொடரும் ஊடகக் குழுவின் முதலாளிக்கே இந்தக் கதி. அதற்கு வந்த எதிர்வினைகளில் பாதி, எச்சரிக்கையைப் படிக்காதது அவர் தப்பு என்றது. மீதிப் பாதியைச் சொல்லவும் வேண்டுமா? அவர்களுக்கு நல்லாத்தான் ஓடியது. பாப்!_ஓஎஸ்ஸை உருவாக்குகிறவர்கள் மட்டும் சத்தம் போடாமல் கோளாறைச் சரிசெய்தார்கள்.

நியாயத்தையும் சொல்லிவிடவேண்டும். லினக்ஸில் இன்று கேம் ஓடுவதே பெரிய விஷயம். 2012இல் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல் விண்டோஸ் 8ஐப் பேரழிவு என்று திட்டினார். 2013 பிப்ரவரியில் லினக்ஸுக்கு ஸ்டீம் வந்தது. 2015 நவம்பரில் 'ஸ்டீம் மெஷின்' பெட்டிகள் வந்தன; வந்த சுவடு தெரியாமல் போயின. பிறகு ஜெர்மனியின் பிலிப் ரெபோலே, 'நியர்: ஆட்டோமாட்டா' என்ற ஒரே கேமை லினக்ஸில் ஆடவேண்டும் என்ற ஆசையில் டிஎக்ஸ்விகே எழுதத் தொடங்கினார். விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் மொழியில் கேம் போடும் உத்தரவுகளை லினக்ஸுக்குப் புரியும் வல்கனுக்கு மாற்றித் தரும் அடுக்கு அது. வால்வ் அவரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது. 2018 ஆகஸ்டில், விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைனோடு இதையும் சேர்த்துக் கட்டிப் புரோட்டான் என்று வெளியிட்டது. ஒருவர் தன் பிடிவாதத்துக்கு எழுதியதில்தான் இன்று வால்வின் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கில் கேம்கள் ஓடுகின்றன. 2022 பிப்ரவரி 25 அன்று டெக்கும் 'எல்டன் ரிங்'கும் ஒரே நாளில் வெளிவந்தன. விண்டோஸில் திக்கித் திணறிய அந்த கேம் டெக்கில் வழுக்கிக்கொண்டு போனது. அன்றைக்கு லினக்ஸ்காரர்கள் போட்ட ஆட்டத்தைப் பற்றி இதை எழுதுபவருக்குக் குறை ஒன்றும் இல்லை. அவரும் ஆடினார்.

சரி, கிளவுடு. கேம் எங்கோ ஒரு சர்வரில் ஓடும், படம் மட்டும் நம் திரைக்கு வரும்.

கிளவுடில் 'நல்லாத்தான் ஓடுது' என்பதற்குச் சமமான மந்திரம் 'எனக்கு லேக்கே இல்லை'. சொல்பவர் டேட்டா சென்டருக்கு அடுத்த தெருவில் குடியிருப்பார். அல்லது செஸ் ஆடுவார். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 200 கிலோமீட்டர்தான் போகும். சென்னையில் பொத்தானை அழுத்தி, மும்பை சர்வர் அதைக் கேட்டுப் படத்தைத் திருப்பி அனுப்பவேண்டுமானால் ஒளிக்கே 10 மில்லிசெகண்ட் ஆகிறது. சர்வர் படத்தை வரைந்து, சுருக்கி, இந்தப் பக்கம் விரித்துப் போடும் நேரம் தனி. ரவுட்டருக்கும் நாற்காலிக்கும் நடுவே இருக்கும் குளியலறைச் சுவரும் தன் பங்குக்கு ஏதாவது செய்யும். விநாடிக்கு 60 பிரேம் ஓடும் கேமில் ஒரு பிரேமின் ஆயுள் 16.7 மில்லிசெகண்ட். இத்தனைக்கும் பிறகு லேக்கே இல்லை என்பவரோடு வாதாடிப் பயனில்லை. எதிர் அணியினரோ தோற்ற ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் லேக்கைத்தான் காரணம் காட்டுவார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இதை எழுதுபவர் வீட்டுக் கூடமும் கொஞ்சம் கோணல்தான்.

கூகுளுக்கு மட்டும் இயற்பியல் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. 2019 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோ மேடையில் சுந்தர் பிச்சை ஏறி, தான் பெரிய கேமர் இல்லை என்று ஒப்புக்கொண்டு, ஸ்டேடியா என்ற கிளவுடு கேம் சேவையின் அறிமுகத்தைத் தொடங்கிவைத்தார். அதே ஆண்டு அதன் பொறியியல் தலைவர் மஜ்த் பகார், 'எட்ஜ்' பத்திரிகையிடம் 'நெகட்டிவ் லேட்டன்சி' பற்றிச் சொன்னார். ஆடுகிறவர் அடுத்து எந்தப் பொத்தானை அழுத்துவார் என்று சர்வரே முன்கூட்டிக் கணித்துத் தயாராக இருக்குமாம். அழுத்துவதற்கு முன்பே ஆட்டம் நடந்துவிடும் என்றால் ஆளுக்கு அங்கே என்ன வேலை என்று கேமர்கள் கேட்டுச் சிரித்தார்கள். மாதக் கணக்கில் சிரித்தார்கள்.

நவம்பர் 19 அன்று 14 நாடுகளில் ஸ்டேடியா கடை திறந்தது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை, பிறகும் சேரவில்லை. மதுரையில் பிறந்த பிச்சை மேடையேற்றிய சேவை மதுரைக்கு வராமலே போய்ச்சேர்ந்தது. வந்திருந்தாலும் என்ன கிழித்திருக்கும்? 4கே தரத்துக்கு அவர்கள் கேட்டது விநாடிக்கு 35 மெகாபிட். கணக்குப் போட்டால் மணிக்கு 15.75 ஜிபி. நாளுக்கு 1.5 ஜிபி பேக் போட்டவர் தலைப்புத் திரையைத் தாண்டி, குதிரைக்குச் சேணம் பூட்டி முடிப்பதற்குள் ஆறே நிமிடத்தில் காலி.

ஸ்டேடியாவின் சர்வர்கள் டெபியன் லினக்ஸிலும் வல்கனிலும்தான் ஓடின. அதாவது லினக்ஸ்காரர்கள் வருஷக்கணக்காகக் கெஞ்சியும் கிடைக்காத கேம்கள் கூகுளுக்காக லினக்ஸில் ஓடும்படி மாற்றப்பட்டன. அடுத்து நம் மேசைக்கு என்று லினக்ஸ்காரர்கள் வாயைப் பிளந்து காத்திருந்தார்கள். பெரும்பாலானவை டேட்டா சென்டரை விட்டு வெளியே தலைகாட்டவே இல்லை.

கடை எப்போது மூடும் என்று திறந்த அன்றே நாள் குறித்தவர்கள் உண்டு. கூகுளின் சரித்திரம் தெரிந்தவர்கள். 2021 பிப்ரவரியில் கூகுள் தன் சொந்த கேம் ஸ்டுடியோக்களை மூடியது. அதே மாதம், 'டெராரியா'வை உருவாக்கிய ஆண்ட்ரூ ஸ்பிங்க்ஸ், தன் கூகுள் கணக்கையே கூகுள் முடக்கிவைத்துக்கொண்டு காரணம் சொல்லாமல் அலைக்கழிக்கிறது என்று வெடித்து, ஸ்டேடியாவுக்குத் தன் கேம் கிடையாது என்று அறிவித்தார். கணக்கு திரும்பியது; கேமும் வந்தது. 2022 ஜூலை கடைசியில், மூடப்போவதில்லை என்று ஸ்டேடியாவே ட்விட்டரில் உறுதி சொன்னது. செப்டம்பர் 29இல், மூடப்போகிறோம் என்றது. 2023 ஜனவரி 18 அன்று விளக்கை அணைத்தார்கள். வாங்கிய கருவிக்கும் கேமுக்கும் பணம் திரும்பக் கிடைத்தது, அது உண்மை. ஆனால் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'இல் ஏறத்தாழ 6,000 மணி நேரம் வாழ்ந்திருந்த ஒரு ஸ்டேடியா பயனர், என் ஆளை வேறு மேடைக்கு மாற்றிக் கொடுங்கள் என்று அந்த கேம் நிறுவனத்திடம் மன்றாடினார். 6,000 மணி நேரம் என்றால் எட்டு மாதத்துக்கு மேல், தூக்கம் இல்லாமல். அவருக்கும் யாராவது ஓடிவந்து, பிளேஸ்டேஷனில் நல்லாத்தான் ஓடுது என்று சொல்லியிருப்பார்கள்.

லினக்ஸை ஒதுக்குகிற நிறுவனங்களின் பதிலும் இதே குடும்பம்தான், கோட்டு போட்டுக்கொண்டு வரும். 'ராக்கெட் லீக்' 2020 மார்ச்சில் லினக்ஸையும் மேக்கையும் கைவிட்டது. இரண்டும் சேர்ந்தே 0.3 சதவீதத்துக்குக் குறைவு என்றார்கள். 2024இல் 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' வேன்கார்டு என்ற ஆன்டி-சீட்டைக் கொண்டுவந்ததும் வைன் வழியாக ஆடியவர்கள் வெளியே நின்றார்கள். நாளுக்கு 800 சொச்சம் பேர்தானே என்று அதை நடத்தும் ரயட் நிறுவனம் கணக்குச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் 'ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ்' லினக்ஸ் கதவைச் சாத்தியது. ஏமாற்றுக்காரர்கள் அந்த வழியாக வருகிறார்களாம். விண்டோஸில் ஏமாற்றுக்காரர்கள் எல்லோரும் அன்றிரவே திருந்திவிட்டதாகத் தகவல் இல்லை. எபிக்கின் டிம் ஸ்வீனி 2018லேயே, லினக்ஸுக்கு மாறுவது அமெரிக்க அரசியல் பிடிக்காமல் கனடாவுக்குக் குடிபோவது மாதிரி என்று ட்வீட் போட்டவர். அவருடைய நிறுவனத்தின் ஆன்டி-சீட் லினக்ஸில் ஓடும். அவருடைய 'ஃபோர்ட்நைட்' ஓடாது.

இந்தக் கூட்டத்துக்கு நடுவே 'டெல்டா-வி: ரிங்ஸ் ஆஃப் சாட்டர்ன்' என்ற சின்ன கேமை எழுதியவர் 2021இல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. வாங்கியவர்களில் லினக்ஸ்காரர்கள் 5.8 சதவீதம், வந்த பிழைப் புகார்களில் அவர்கள் அனுப்பியது 38 சதவீதம். நிறுவனத்து ஆட்கள் இதைப் படித்துத் தலையில் கைவைப்பார்கள். ஆனால் அவர் சொன்னது வேறு: அந்த 400 சொச்சம் புகாரில் லினக்ஸுக்கே உரியவை மூன்று. மற்றதெல்லாம் விண்டோஸ்காரர்களையும் கடித்துக்கொண்டிருந்த பிழைகள். விண்டோஸ்காரர்கள் வாய் திறக்காமல் சகித்துக்கொண்டிருந்தார்கள். லினக்ஸ்காரர்கள் லாக் கோப்போடு, எப்படிச் செய்தால் பிழை வரும் என்று படிப்படியாக எழுதி அனுப்பினார்கள். அவர் சந்தோஷப்பட்டார். இதை எழுதுபவருக்கு இது ஒன்றுதான் புரியவில்லை. கேம் எழுதியவரிடம் இவ்வளவு பதவிசாகப் பழுது சொல்லத் தெரிந்த அதே ஜனங்கள், சக கேமர் ஒருவர் "எனக்கு ஓடலையே" என்று வந்து நின்றால் மட்டும் ஏன் அப்படி மாறிவிடுகிறார்கள்?

2025 அக்டோபரில் விண்டோஸ் 10ஐ மைக்ரோசாஃப்ட் கை கழுவியது. அதே மாத ஸ்டீம் கணக்கெடுப்பில் லினக்ஸ் முதல்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. லினக்ஸ்காரர்கள் குழுவில் பட்டாசு வெடித்தார்கள். 97 சதவீதம் எங்கே என்று கேட்டவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். கிளவுடு ஆட்டமும் சேர்ந்த எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் அல்டிமேட்டின் மாதச் சந்தா அதே அக்டோபரில் அமெரிக்காவில் 19.99 டாலரிலிருந்து 29.99 ஆனது. கிளவுடுக்காரர்கள் பக்கம் அன்று பட்டாசுச் சத்தம் கேட்கவில்லை.

அக்கா மகனுக்குக் கொடுத்த வாக்கு பாக்கி இருக்கிறது. கிளவுடுக்கே போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. என்விடியாவின் கிளவுடு சேவையான ஜீஃபோர்ஸ் நவ்வின் நிபந்தனைகளைப் படித்த பிறகு அதுவும் போயிற்று. நிம்மதியாக ஆடவேண்டுமானால் மாதச் சந்தா கட்டவேண்டும். கேமை வேறு கடையில் தனியாக வாங்கிக்கொள்ளவேண்டும். வாங்கினாலும், கேம் நிறுவனம் சம்மதித்தால்தான் அங்கே ஓடும். 2020இல் ஆக்டிவிஷன் பிளிசார்டும் பெதஸ்டாவும் தங்கள் கேம்களை உருவிக்கொண்டு போனது அப்படித்தான். இப்போது மாதத்துக்கு 100 மணி நேரம் என்று உச்சவரம்பும் வைத்திருக்கிறார்கள். மிச்சமானால் 15 மணி நேரம் மட்டும் அடுத்த மாதத்துக்குப் போகும். ஊரில் ஒரு விசேஷம், பத்து நாள் தங்கல் என்றால் மீதியெல்லாம் கோவிந்தா. வண்டியின் நிறத்தை மெனுவில் நின்று மாற்றி மாற்றிப் பார்க்கும் அரைமணி நேரமும் இந்த 100க்குள்தான் சேர்த்தி.