சொந்த வீடும் மின்சாரமும்

கேள்வி: வீட்டு மின்பழுதை உரிமையாளரே சரிசெய்ய முடியும்போது எலக்ட்ரீசியனுக்கு எதற்குக் கூலி? (வாசகர், செல்லூர், மதுரை)

பதில்: வீடு சொந்தமாக இருக்கலாம், அதில் ஓடும் மின்சாரம் சொந்தபந்தம் பார்ப்பதில்லை. மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும், அவற்றுக்குப் பதிலாக 2023இல் வந்தவையும், இணைப்பின் திறனும் தன்மையும் மாறாதவாறு பல்பு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றுவதற்கு மட்டும் விலக்களித்து, ஏனைய வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வழியாகவே செய்விக்க வேண்டும் என்கின்றன. ஆகவே விசிறியை மாற்ற யாரையும் தேட வேண்டியதில்லை. ஏசிக்குத் தனி லைன் இழுப்பது வேறு கதை.

மதுரைச் சுற்றுவட்டாரத்தின் நீண்ட கோடையில் மண் உலரும்போது, கசியும் மின்னோட்டத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் ஏற்பாடாகிய எர்த்தின் மின்தடை உயர்ந்து, பாதுகாப்பு ஓசையின்றிக் குறைகிறது. அதை அளக்கக் கருவி வேண்டும், கண் போதாது. உள்ளே செல்லும் மின்னோட்டத்துக்கும் திரும்பும் மின்னோட்டத்துக்கும் இடையிலான வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டும்போது இணைப்பைத் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்பானை, அது அடிக்கடி விழுகிறது என்பதற்காகக் கழற்றிவிடுபவர், எச்சரித்த காவலாளியையே வேலையைவிட்டு நீக்குகிறார். இது மிகவும் வருந்தத்தக்க வழக்கம். இவற்றையெல்லாம் அறிந்து வேலை செய்யப் பயிற்சி வேண்டும்; மதுரை கோ.புதூர் அரசு தொழிற்பயிற்சி நிலையம் போன்றவற்றில் எலக்ட்ரீசியன் பயிற்சிக்கு 2 ஆண்டுகள் ஆகின்றன. அரைமணி நேர வேலைக்குக் கேட்கப்படும் கூலியில் அந்த ஆண்டுகளும் அடங்கும். பேரம் பேசும் முன் தகுதிச் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பது வீட்டுக்காரரின் உரிமை.