துணையிலி பிரேக் காற்றெடுப்பியல்: ஒரு முன்னாய்வு

கார் பிரேக் குழாயில் புகுந்த காற்றை, பெடல் மிதிக்க ஆளில்லாமல், வீட்டு வாசலில் ஒருவரே வெளியேற்றுவது பற்றித் தொல்காப்பியர் எதுவும் சொல்லவில்லை. நச்சினார்க்கினியரும் சொல்லவில்லை. இருவரும் ஒருசேர மௌனம் காப்பது தற்செயலாக இருக்க முடியாது என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

அடைபட்ட திரவத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று கூறும் பாஸ்கலின் நூல், அவர் இறந்த மறு ஆண்டு, 1663இல் வெளிவந்தது. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். நடுவே குமிழி இருந்தால் மிதிப்பெல்லாம் அதை நசுக்குவதிலேயே தீர்ந்து, பெடல் பஞ்சுபோல் இறங்கும். (ஆய்வேடுகளிலும் இந்நிலை உண்டு. அங்கே காற்றை எடுத்துவிட்டால் எதுவும் மிஞ்சாது என்பதால் நெறியாளர்கள் காற்றைத் திறந்துவிடும் நிப்பிளைத் தொடுவதில்லை.)

மரபு முறையில் கீழே கிடப்பவர் “மிதி, மிதி, பிடி!” என்பார். மேலிருப்பவர் “பிடிச்சிருக்கேன்” என்றதும் கீழே கிடப்பவர் நிப்பிளைத் திறப்பார். துணைவர் நால்வகைப்படுவர்: மனைவி, மகன், பக்கத்து வீட்டுக்காரர், மைத்துனர். முதல் மூவர் பற்றிச் சொல்ல ஏதுமில்லை.

மைத்துனர் விரிவான ஆய்வுக்குரியவர். “பிடி” என்றால் விடுவார், “விடு” என்றால் “எதை மாமா?” என்பார். நிப்பிள் திறந்திருக்கும்போது பெடலை விட்டால் போன காற்று போன வழியே திரும்பிவிடும். இதை ‘மைத்துன மீள்வரவு’ என்று வகுத்தார் பெயர் தெரியாத பழைய உரைகாரர் ஒருவர். அவரை மறுத்தவர், ஏட்டில் உள்ள ‘மிதி’யை ‘மதி’ என்று பாடம் கொண்டு, மைத்துனருக்கு அது இல்லை என்பதே பொருள் என்றார். இருவரையும் மறுத்த மூன்றாமவரின் சுவடி பிரேக் ஆயிலில் நனைந்து எழுத்தழிந்தது. ஆகவே அவர் கருத்து மட்டுமே இன்றுவரை மறுக்கப்படாமல் நிற்கிறது.

துணையின்றிச் செய்யும் முறை வருமாறு. நிப்பிளில் இறுக்கமாகப் பொருந்தும் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்கவைத்து, நிப்பிளைச் சற்றே தளர்த்திப் பெடலை நிதானமாக மிதித்து விட வேண்டும். பெடல் மேலே வரும்போது டியூப் காற்றை உறிஞ்சாது, ஆயிலைத்தான் உறிஞ்சும். குமிழி நின்றதும் நிப்பிளை இறுக்கலாம். அதுவரை மேலே ஆயில் டப்பா வற்றக் கூடாது. வற்றினால் மறுபடி முதலிலிருந்து. இதெல்லாம் மெக்கானிக்குகளுக்குத் தெரியும். மேற்கோள் காட்டாமல் செய்வதால் அது அறிவாகக் கொள்ளப்படுவதில்லை.

பாட்டிலில் இறங்கிய பழைய ஆயிலைத் திரும்ப ஊற்றலாகாது. அது ஈரம் குடிக்கும் சரக்கு: டாட் 4 ஆயிலுக்குத் தரவிதி கேட்கும் கொதிநிலை, புதிதில் குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155.

பெயிண்டில் சிந்தினால் பெயிண்ட் போகும்.

எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதற்குக் காருக்குரிய சர்வீஸ் கையேட்டிலேயே விடை இருக்கிறது. ஆகவே அது ஆய்வுக்குரிய பொருளன்று.