மாப்ள பள்ளிக்கூடம் போறாரு

இன்னா மாப்ள, வெள்ளச் சட்டைக்குக் கஞ்சி போட்டுக் காயவச்சிருக்கியாமே, தங்கச்சி சொல்லுச்சி. பொண்ணு பாக்கப் போற வயசும் இல்ல, கட்சியில சீட்டு கேக்கற ஆளும் இல்லியே, இன்னா விசேசம்னு கேட்டன். ஊருப் பள்ளிக்கூடத்துல ஒண்ணாவது ரெண்டாவது புள்ளைங்களுக்கு ஒத்தாசையா போயி ஒக்காரப் போறியாம். நல்ல காரியம். நெய்வேலிச் சுரங்கத்துல மொத ஷிப்ட்டு, ரெண்டாவது ஷிப்ட்டு, நைட்டுன்னு மாத்தி மாத்திப் போயி ரிட்டயராயிட்ட. வூட்டுல ஒக்காந்து நல்லா ஓடற மோட்டார ரிப்பேர் பாக்கறன்னு பிரிச்சிப் போடறதுக்கு, அங்க போறது எவ்வளவோ தேவல. சேதியச் சொல்லும்போதே தங்கச்சி மொவத்துல அப்பிடி ஒரு நிம்மதி.

மூத்தவன் நாலு வார்த்த சொல்லாம அனுப்பக் கூடாது. கேட்டுட்டுப் போ. டீ ஒன் கணக்கு.

மொத காரியமா, போனதும் ஒரு நாற்காலி கேளு. கை வச்ச நாற்காலி. ஃபேனுக்கு நேரா போடச் சொல்லு. கால்மேல கால் போட்டுக்கிட்டு, ‘டீச்சர், நீங்க நடத்துங்க, நான் பாக்கறன்’னு சொல்லு. ஒரே வாரத்துல மால போட்டு வழியனுப்பிடுவாங்க. எனக்கும் டீக்கடையில தொணை கெடச்ச மாதிரி ஆச்சி.

நெலைக்கணும்னு நெனச்சியானா தரையில ஒக்காரு. செயல்வழிக் கற்றல்னு 2007 வாக்குல மாநிலம் பூரா கொண்டாந்தாங்களே, அப்ப சுவத்தோட அடியில, புள்ள கை எட்டற ஒசரத்துல கரும்பலகை அடிச்சாங்க. பாய்ல ஒக்காந்திருக்கற புள்ள அதுல எழுதிப் பாக்கணும்னு. நீ நின்னுக்கிட்டே இருந்தா ஒன் முட்டிதான் அதப் படிக்கும். முட்டி வலிக்குதுன்னு என்கிட்ட சொல்லாத. எழுந்திரிக்கும்போது ரெண்டு பொடுசுங்க கையக் குடுத்துத் தூக்கிவுடும். அதுக்காவவே ஒக்காரலாம்.

‘எனக்கு அனுபவம் இருக்கு மாமா, ஐ.டி.ஐ. முடிச்சிருக்கன்’னு நீ சொல்லுவ. இருக்கட்டும். இந்த வேலைய இதுக்கு முன்ன நல்லா செஞ்சவங்க யாருன்னு தெரிஞ்சிக்க. நம்ம திண்ணப் பள்ளிக்கூடத்துல சட்டாம்புள்ள இருப்பான். வாத்தியாரு பெரிய பசங்களப் பாக்கறப்போ, சின்னதுங்களுக்கு அவன் சொல்லிக்குடுப்பான். ஆண்ட்ரூ பெல்னு ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரியாரு, 1789-லேர்ந்து மெட்ராஸ்ல அனாதப் பசங்க விடுதிப் பள்ளிக்கூடத்தப் பாத்துக்கிட்டாரு. ஒரு நா குதிரையில போறப்ப, நம்ம ஆளுங்க பள்ளிக்கூடத்துல புள்ளைங்க மணல்ல வெரலால எழுதறதக் கண்டாரு. திரும்பி வந்து இப்பிடியே நடத்துங்கன்னாரு. சம்பளம் வாங்குன வாத்தியாரு ஒத்துக்கல. ஜான் ஃபிரிஸ்கன்னு எட்டு வயசுப் பையன் ஒருத்தன் கையில சின்ன வகுப்ப ஒப்படைச்சிட்டாரு. அந்தப் பொடியன் சொல்லிக்குடுத்துட்டான். 1797-ல பெல் இத லண்டன்ல புத்தகமா போட்டாரு. ‘மெட்ராஸ் முறை’ன்னு பேரு வச்சிக்கிட்டு இங்கிலாந்து பூரா நடத்துனாங்க. ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊருல ‘மெட்ராஸ் காலேஜ்’னு ஒரு பள்ளிக்கூடம் இன்னிக்கும் இருக்கு, அவரு விட்டுட்டுப் போன காசுல ஆரம்பிச்சது. நம்ம மணல்ல வெரல வச்சி எழுதுனதுக்கு அங்க கல்லுக்கட்டடம்.

அது பழங்கத. கிட்டத்துல வா. மும்பையிலயும் குஜராத்து வடோதராவுலயும் ‘பிரதம்’னு ஒரு தொண்டு நிறுவனம். மூணாவது நாலாவது வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத புள்ளைங்கள, பதினஞ்சு இருபது பேரா பிரிச்சி, தெனம் ரெண்டு மணி நேரம் தனியா ஒக்கார வச்சி சொல்லிக்குடுக்க ஆளு போட்டாங்க. யாரு தெரியுமா? அந்தந்தப் பேட்டையிலயே பள்ளிப் படிப்ப முடிச்சிட்டு இருந்த பொண்ணுங்க. ‘பால்சகி’ன்னு பேரு. 2019-ல நோபல் வாங்குனாங்களே அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, அவங்களும் சேந்து இத ஆராய்ஞ்சி 2007-ல எழுதுனாங்க. மார்க்கு ஏறியிருக்கு, அதுவும் ரொம்ப பின்தங்குன புள்ளைங்களுக்குத்தான் அதிகமா ஏறியிருக்கு. பேரன் போன்ல படிச்சிக் காட்டுனான். நான் ரெண்டு தரம் படிக்கச் சொன்னன்.

ஆக, எட்டு வயசுப் பையன் செஞ்சிருக்கான். பள்ளிப் படிப்போட நின்ன பொண்ணுங்க செஞ்சிருக்காங்க. முயற்சி பண்ணா ஒனக்கும் வந்துடும் மாப்ள. நான் நம்பறன். தங்கச்சிக்குத்தான் கொஞ்சம் சந்தேகம்.

மும்பை வரைக்கும் கூட போவ வேணாம். இல்லம் தேடிக் கல்வித் திட்டம் ஆரம்பிச்சது நம்ம பக்கத்து விழுப்புரம் ஜில்லாவுல, மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்துல, 2021 அக்டோபர் 27. கொரோனாவுல 2020 மார்ச்சுல பூட்டுன பள்ளிக்கூடம், ஒண்ணாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும் மறுபடி தொறந்தது 2021 நவம்பர் 1-லதான். ஒண்ணாவதுல ‘ஆ’வன்னா எழுதிக்கிட்டு இருந்தது மூணாவதுக்கு வந்து நின்னுச்சி, ‘அ’னாவும் மறந்துபோயி. பன்னெண்டாவது முடிச்ச பொண்ணுங்க, சாயங்காலம் அஞ்சுலேர்ந்து ஏழுக்குள்ள ஒண்ணு ஒண்ணரை மணி நேரம், ஆளுக்கு இருபது புள்ளைங்களாட்டம் சேத்து ஒக்காந்தாங்க. மாசத்துக்கு ஆயிரம் ரூவா. நம்ம தெருவுலயே ஒரு பொண்ணு கோயில் மண்டபத்துல பாய் விரிச்சி நடத்துனா. நீ அப்ப அந்த வழியா போறப்ப ‘இன்னா கூச்சல்’னு கேட்ட. இப்ப அவகிட்ட ஒரு சாயங்காலம் போயி ஒக்காந்து கத்துக்க. சம்பளம் கேக்க மாட்டா. சிரிப்பா, பொறுத்துக்க.

வகுப்புல ஆளு இன்னாத்துக்குத் தேவன்னு கேப்ப. 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டத்துல கணக்கு இருக்கு. தொடக்கப் பள்ளியில அறுவது புள்ளைங்க வரைக்கும் ரெண்டு வாத்தியாரு. வகுப்பு எத்தன? அஞ்சு. இப்ப ஒன் மெஷின் மூளய வச்சி வகுத்துப் பாரு. ஒரே ரூம்ல ஒண்ணாவது ஒரு மூல, ரெண்டாவது ஒரு மூல, மூணாவது வாசப்படியில. டீச்சரம்மா ஒரு பக்கம் திரும்புனா மறுபக்கம் ஒருத்தன் ரப்பரக் கடிச்சி முழுங்கப் பாப்பான், ஒருத்தி பென்சில் மொன ஒடஞ்சிடுச்சின்னு அழுவா, இன்னொருத்தன் டவுசரு பட்டன் போடத் தெரியாம நிப்பான். ஒன் வேல அந்தப் பட்டன்தான். பாடம் நடத்தறது டீச்சரம்மா. பென்சில் சீவறது, மூக்கத் தொடக்கறது, கூப்புடறப்ப வர்றது, கூப்புடாதப்ப இருக்கற எடம் தெரியாம இருக்கறது நீ. இதுக்கு மேல பதவி வேணும்னா பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு. ஆனா அதுல முக்காவாசிப் பேரு பெத்தவங்களா இருக்கணும், பாதிப் பேரு பொம்பளைங்களா இருக்கணும்னு அதே சட்டம் சொல்லுது. ரெண்டு பக்கமும் ஒனக்கு எடம் கம்மி.

பட்டன் போட்டு முடிச்சாச்சின்னா, பெரிய வேல ஒண்ணு இருக்கு. டீச்சரம்மாவக் கேட்டு, எழுத்துக்கூட்டத் தெணறற புள்ள ஒண்ணக் கூட்டிக்கிட்டு வராந்தாவுல ஒக்காரு. எல்லாரு கண்ணுலயும் படற எடமா ஒக்காரு, மூடுன ரூம்ல வேணாம். அது படிக்கட்டும், நீ கேளு. ‘ப... ட்... ட...’ன்னு இழுக்கும். ஒனக்கு நாக்கு துறுதுறுங்கும், ‘பட்டம்!’னு முந்திக்கச் சொல்லும். வாய மூடு. கல்யாணம் பண்ண நாளுலேர்ந்து தங்கச்சிகிட்ட பழகுன வித்த அங்க ஒதவும்.

எண்ணும் எழுத்தும்னு ஒரு திட்டம் 2022-லேர்ந்து நடத்தறாங்க. அதுல புள்ள எங்க நிக்குதோ அத வச்சி அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சிச் சொல்லிக்குடுக்கறாங்க. அழகான பேருதான். நீ போயி ‘இன்னாடா, இன்னும் அரும்பாவே கெடக்கறியே’ன்னு கேட்டுத் தொலைக்காத. பக்கத்து வூட்டுப் பையன் மார்க்க ஒன் பையன்கிட்ட சொல்லிக்காட்டுன வாயி அது, எனக்குத் தெரியும்.

ஒனக்குப் புரியற பாஷையில ஒண்ணு சொல்றன். 1957 மே 20-ல நேரு வந்து சுரங்கத்தத் தொடங்கி வச்சாரு. கரி கண்ணுல பட்டது 1961 ஆகஸ்ட்டுல. நாலு வருசத்துக்கு மேல வெறும் மேல்மண்ணு. வெட்டி வெட்டி மலையாட்டம் கொட்டுனாங்க, ஊத்துத் தண்ணிய ராவும் பகலும் எறச்சாங்க. மண்ண அள்ளுன எவனாச்சும் ‘இதுல கரியே இல்ல’ன்னு மம்முட்டியப் போட்டுட்டுப் போனானா? அப்பிடிப் போயிருந்தா ஒனக்கு ஏது குவாட்டர்ஸு, பி.எஃப்.பு? நீ மட்டும் திங்கக்கெழம ‘க’னா சொல்லிக்குடுத்துட்டு, செவ்வாக்கெழம அது ‘ச’னான்னு சொன்னதும், ‘இந்தக் காலத்துப் புள்ளைங்க மண்டையில ஒண்ணும் ஏறல மாமா’ன்னு இந்த பெஞ்சுல வந்து ஒக்காருவ. வந்தின்னா டீ கெடையாது.

அப்பறம், ஒனக்குன்னு ஒரு வியாதி இருக்கே, நாலு பேரு கூடுனா பேசறது. பள்ளிக்கூடத்துல பேசாத. 2024-ல சென்னை அசோக் நகர் பொண்ணுங்க பள்ளிக்கூடத்துல வெளியாளு ஒருத்தரப் பேச வுட்டாங்க. அவரு போன பொறப்புப் பாவம், ஒடம்புக் கொறன்னு ஆரம்பிச்சிட்டாரு. பார்வையில்லாத வாத்தியாரு ஒருத்தரு எழுந்து நேருக்கு நேரா கேள்வி கேட்டாரு. மாநிலமே பாத்துது. பேசுனவரு ஜெயிலுக்கும் போனாரு. ஒனக்கு அவ்ளோ தூரம் வராது, ‘நாங்கல்லாம் அந்தக் காலத்துல’ன்னுதான் ஆரம்பிப்ப. அதுக்குச் சட்டத்துல தண்டன இல்ல, அதான் கஷ்டம்.

கையி ஓங்கறது பத்தி நான் சொல்லத் தேவையில்ல. நாம வாங்குன பெரம்படிய, வாங்குனதுனாலதான் உருப்பட்டோம்னு பெருமையா சொல்லிக்கிட்டுத் திரியறோம். எத்தன பேரு அந்த அடிக்குப் பயந்து முந்திரித் தோப்புல ஒளிஞ்சி, அப்பிடியே படிப்ப வுட்டானுங்க, அவனுங்கள இந்த பெஞ்சுல நீ பாத்திருக்கியா? அதே 2009 சட்டத்துல 17-ஆவது பிரிவு, புள்ளைய அடிக்கவும் கூடாது, மனசு நோவப் பேசவும் கூடாதுங்குது. ரெண்டாவதுதான் நமக்குக் கஷ்டம். போனையும் பையிலயே வச்சிரு. புள்ளைங்களோட செல்ஃபி எடுத்து ‘இன்றைய சேவை’ன்னு வாட்ஸப்புல போட்டா, மொதல்ல திட்டறது நானாத்தான் இருப்பன்.

ஒண்ணு மட்டும் கிண்டல் இல்லாம சொல்றன். வகுப்புல தூங்கி வழியற புள்ள ஒண்ணு இருக்கும். அத எழுப்பி எழுத்து கேக்காத. அப்பன் காண்ட்ராக்ட்ல நைட் ஷிப்ட்டா இருப்பான். ஆத்தாளுக்கு முந்திரிக்கொட்டை ஒடைக்கற வேலையா இருக்கும். கொட்டப் பாலு பட்டு வெரல் தோலு உரிஞ்சி, கருத்துக் கெடக்கும். அந்தக் கையால நோட்டுல கையெழுத்துப் போடக் கூச்சப்பட்டுத்தான் நோட்ட அனுப்பியிருக்க மாட்டா. ‘பேரண்ட்ஸ்க்கு அக்கற இல்ல’ன்னு டவுன்ஷிப்பு ஆர்ச் கேட்டுக்கு அந்தாண்ட பேசற பேச்ச அங்க பேசாத. சாப்ட்டியான்னு கேளு.

சாப்பாட்டுக்கு இப்ப வழி இருக்கு. காமராசரு 1956-ல மதியச் சோறு போட்டாரு, எம்.ஜி.ஆர். 1982-ல சத்துணவாக்குனாரு. 2022 செப்டம்பர் 15-ல மதுரையில தொடங்குன காலச் சாப்பாடு மறு வருசம் அரசுத் தொடக்கப் பள்ளிங்க எல்லாத்துக்கும் வந்துடுச்சி. அதுக்கெல்லாம் முன்ன, இங்க பஸ்ஸு ஏறுனா எறங்கற வடலூர்ல வள்ளலாரு 1867-ல மூட்டுன அடுப்பு இன்னும் அணையல. பசிச்ச வயித்துக்கு எழுத்து ஏறாதுன்னு இந்த மண்ணுக்குப் புதுசா சொல்லிக்குடுக்கத் தேவையில்ல. காலயில பந்தி நேரத்துக்குப் போயிட்டியானா, வரிசயா ஒக்கார வையி, தண்ணி ஊத்து, சிந்துனதத் தொடை. அந்தக் கஞ்சி போட்ட சட்ட வேணாம், பழைய கட்டம் போட்டதப் போட்டுக்க.

புதன்கிழம பொங்கல். வாசன தூக்கலா இருக்கும், எனக்கே தெருவுல போறப்ப கால் நின்னுடும். நீ வூட்டுலயே சாப்புட்டுட்டுப் போ மாப்ள. அங்க எண்ணித்தான் தட்டு.