பயந்து நிற்பவரின் சொல்

கேள்வி: 'அஃப்ரே' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் 'கைகலப்பு' என்று பொருள் சொல்கிறார்கள். ஸ்கஃபிள், மெலே என்று ஏற்கெனவே இரண்டு இருக்கின்றனவே. ஒரு சண்டைக்கு எத்தனை சொல்தான் வேண்டும்?

பதில்: சண்டை ஒன்றுதான், பார்க்கும் இடம்தான் வேறு. ஸ்கஃபிள் என்பதைத் தள்ளுதலைக் குறிக்கும் ஸ்காண்டிநேவிய வேரோடு சேர்ப்பார்கள். நம் தள்ளுமுள்ளுவுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. மெலே, கலத்தல் என்னும் பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. கைகலப்பு என்பது அதற்குத்தான் அப்படியே பொருந்தும். இரண்டுமே மோதிக்கொள்பவர்கள் செய்வதைச் சொல்கின்றன. அஃப்ரே அப்படியல்ல. அதன் பழைய பிரெஞ்சு வேருக்குக் 'கலங்கவை, அச்சுறுத்து' என்று பொருள். பள்ளிப்பிள்ளையும் அறிந்த 'அஃப்ரெய்ட்' அதே வினையின் எச்ச வடிவம்தான். ஆக, அடித்தவனையும் அடிபட்டவனையும் தாண்டி, ஓரமாகப் பால் பாக்கெட்டோடு நடுங்கி நிற்பவரைப் பார்க்கிற சொல் அது.

சட்டமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 159-ஆம் பிரிவில், இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ பொது இடத்தில் சண்டையிட்டுப் பொது அமைதியைக் குலைத்தால் அஃப்ரே என்றது. அதே இருவர் பூட்டிய அறைக்குள் அதே அடியை அடித்துக்கொண்டால் வேறு குற்றமாகலாம், இது ஆகாது. 'பயம் என்ற சொல்லே அந்தப் பிரிவில் இல்லையே' என்று நீங்கள் மடக்கலாம். இல்லைதான். ஆனால் சண்டை மட்டும் போதாது, அமைதியும் குலைய வேண்டும் என்கிறதே, அது யாருடைய அமைதி? அடித்துக்கொள்பவர்களிடம் குலைய என்ன மிச்சம் இருக்கிறது? இங்கிலாந்தின் 1986-ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டம் இதை உடைத்தே சொல்லிவிட்டது: இரண்டு பேர் வேண்டாம், ஒருவர் போதும், தனியார் இடமானாலும் சரி, அடி விழவேண்டும் என்றில்லை, வெறும் வாய்ச்சொல்லோடு நிற்காத மிரட்டலும் போதும். ஓரளவு மனத்திடமுள்ள ஒருவர் அங்கே இருந்தால் தன் பாதுகாப்புக்கு அஞ்சுவாரா என்பதே அளவுகோல். அப்படி ஒருவர் உண்மையில் அங்கே இருந்திருக்கக்கூட வேண்டியதில்லை. சண்டை உதிர்ந்துபோயும் அச்சம் தங்கியிருக்கிறது.

ஆகவே கூட்டத்தில் நாற்காலி பறந்த செய்திக்குத் தள்ளுமுள்ளு, கைகலப்பு என்று தாராளமாக எழுதுங்கள். வழக்குச் செய்தியில் அஃப்ரே வந்தால் மட்டும், 'பொது அமைதியைக் குலைத்த சண்டை' என்று நாலு சொல்லாக நீட்டினாலும் தவறில்லை. நடுங்கி நின்றவரைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அஃப்ரே 194-ஆம் பிரிவு. அபராத உச்சவரம்பு 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாகியிருக்கிறது, சிறை அதே ஒரு மாதம் வரைதான்.